பழைய டிவிடியில் தொடங்கும் காந்தப் பிளாஸ்மான் ஆய்வு: ஒரு செய்முறை வழிகாட்டி

காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட கனமான ஈயக் கண்ணாடியின் வழியே செல்லும் ஒளியின் தளவிளைவுத் தளம் (அதன் மின்புலம் அதிரும் தளம்) சுழல்வதை மைக்கேல் ஃபாரடே 1845-இல் கண்டறிந்தார். மெருகேற்றிய காந்த முனையில் பட்டுத் திரும்பும் ஒளியிலும் அதையொத்த மாற்றம் நிகழ்வதை ஜான் கெர் 1877-இல் காட்டினார். இரண்டுமே மிகச் சிறிய விளைவுகள். கட்புல ஒளியில் இரும்பின் பரப்பு, காந்தமாக்கம் பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும் நிலையில்கூட, ஏறத்தாழ அரை டிகிரி அளவே தளவிளைவைச் சுழற்றுகிறது. நிக்கலில் அது 0.1 டிகிரி அளவுக்குக் குறைகிறது. ஒளி ஊடுருவும் பொருள்களில் சுழற்சி பாதையின் நீளத்துக்கு நேர்விகிதத்தில் அமைவதால், லேசர் ஆய்வகங்களில் ஒளியை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் ஒளித் தனிப்படுத்திகளுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் நீளமுள்ள டெர்பியம் காலியம் கார்னெட் படிகங்கள் தேவைப்படுகின்றன. சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள மென்படலத்தில் அதே விளைவைப் பயன்படுத்த விரும்பினால், பாதையை நீட்ட இடமில்லை. ஒளியைப் படலத்தின் பரப்போடு பிணைத்துச் சிறிது நேரம் அங்கேயே தங்கவைக்க வேண்டும். உலோகப் பரப்பில் எலக்ட்ரான்களின் கூட்டு அலைவோடு ஒளி இணைந்து ஓடும் பரப்புப் பிளாஸ்மான் அந்த வேலையைச் செய்கிறது.

புதுச்சேரி, கடலூர் பகுதிக் கல்லூரிகளில் முதுநிலை இயற்பியல் படிப்பவர்களும் அவர்களுக்குச் செய்முறைத் திட்டம் வகுத்துத் தரும் ஆசிரியர்களும், பரப்புப் பிளாஸ்மானால் பெருக்கப்படும் காந்த ஒளி விளைவைத் தாமே அமைத்து அளப்பதற்கான வழி இங்கே தரப்படுகிறது. எலக்ட்ரான் கற்றை கொண்டு நானோ வடிவங்களை வரையும் வசதி நம் அருகில் எளிதில் கிடைப்பதன்று. அதனால் வடிவத்தை நாமே வரையாமல், ஏற்கெனவே 740 நானோமீட்டர் இடைவெளியில் வரியிடப்பட்டுக் கிடைக்கும் ஒரு பொருளை, அதாவது பதிவு செய்யும் டிவிடியை, கீற்றணியாக எடுத்துக்கொள்கிறோம். ஆய்வுக்கூடங்களிலும் இத்தகைய வட்டுகளின் பாலிகார்பனேட் தளத்தில் காந்த உலோகம் படியவைத்து ஆய்ந்திருக்கிறார்கள். ஆகவே இதைக் குறுக்குவழி என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

பெருக்கம் எங்கிருந்து வருகிறது

படுதளத்துக்கு (விழும் கதிரும் எதிரொளித்த கதிரும் அடங்கிய தளத்துக்கு) செங்குத்தாகவும் பரப்புக்கு இணையாகவும் காந்தமாக்கம் அமைந்திருக்கும்போது, படுதளத்திலேயே தளவிளைவுற்ற ஒளியின் எதிரொளிப்பு, காந்தமாக்கத்தின் திசையைத் திருப்பினால் சற்றே மாறுகிறது. இது குறுக்குவாட்டுக் கெர் விளைவு எனப்படும். இதில் தளவிளைவு எதுவும் சுழல்வதில்லை. ஒளிச்செறிவு மட்டுமே மாறுகிறது. அளப்பதற்கு ஓர் ஒளி டையோடு போதும் என்பதாலேயே தொடக்க நிலை ஆய்வுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். வெறும் கோபால்ட் படலத்தில் இந்த மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்கும்.

பரப்புப் பிளாஸ்மானைத் தூண்டும் கோணத்தில் ஒளி விழும்போது ஆற்றலின் பெரும்பகுதி உலோகத்தில் உட்கவரப்படுவதால், எதிரொளிப்பு வளைவரையில் கூரிய தாழ்வு ஒன்று தோன்றும். காந்தமாக்கத்தின் திசையைத் திருப்பும்போது பிளாஸ்மானின் அலை வெக்டர் மிகச் சிறிதளவு கூடுகிறது அல்லது குறைகிறது. அதனால் அந்தத் தாழ்வு கோண அச்சில் இடமோ வலமோ நகர்கிறது. தாழ்வின் சரிவு எவ்வளவு செங்குத்தோ, அவ்வளவுக்கு இந்தச் சிறு நகர்வு பெரிய எதிரொளிப்பு மாற்றமாக வெளிப்படும். ஓர் எண் கணக்கு இதைத் தெளிவாக்கும். சுழியைத் தொடும் லாரன்சு வடிவத் தாழ்வு ஒன்றின் பாதியுயர அகலம் 2 டிகிரி என்றும், காந்தமாக்கத்தைத் திருப்பினால் அது 0.01 டிகிரி நகர்கிறது என்றும் கொள்வோம். சரிவு மிகுந்த இடத்தில் எதிரொளிப்பு 0.0065 அளவு மாறும். அதே நகர்வை வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் 1 டிகிரியாகக் குறைத்தால் மாற்றம் 0.013 ஆகிவிடும். நகர்வை நிர்ணயிப்பது காந்தப் பொருள். அகலத்தை நிர்ணயிப்பது உலோகத்தின் ஒளியிழப்பும் பரப்பின் தரமும். காந்தத்தை வலுவாக்குவதற்குச் செலவிடும் முயற்சியில் பாதியைத் தாழ்வைக் கூர்மையாக்கச் செலவிட்டாலே போதும். பலன் கூடுதலாகக் கிடைக்கும்.

இங்கேதான் பொருள் தேர்வின் சிக்கல் தொடங்குகிறது. கோபால்ட், இரும்பு, நிக்கல் ஆகிய மூன்றும் வலுவான காந்த ஒளி விளைவு உடையவை. ஆனால் ஒளியை மிகுதியாக உட்கவர்வதால் அவற்றின் பிளாஸ்மான் தாழ்வு அகன்று தளர்ந்து காணப்படும். தங்கமும் வெள்ளியும் கூரிய தாழ்வைத் தரும். ஆனால் நாம் உண்டாக்கக்கூடிய காந்தப்புலத்தில் அவற்றின் காந்த ஒளி விளைவு புறக்கணிக்கத் தக்க அளவே. எனவே தங்கத்துக்கு இடையே மெல்லிய கோபால்ட் அடுக்கைப் பொதிந்து வைப்பது நன்கு ஆய்ந்து பார்க்கப்பட்ட வழியாகும். மற்றொரு வழி, ஒளி ஊடுருவும் பிஸ்மத் கலந்த இரும்பு கார்னெட் படலத்தின் மேல் தங்கக் கீற்றணியை அமைப்பது. 2011-இல் ஜெர்மானிய, ரஷ்ய ஆய்வாளர்கள் அடங்கிய குழு ஒன்று இத்தகைய அமைப்பில் குறுக்குவாட்டு விளைவைச் சாதாரணப் படலத்தைக் காட்டிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருக்கி, 1.5 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தது. கார்னெட் வழி அழகானது. ஆனால் படலத்தை வளர்க்க உயர் வெப்பநிலை உலையும், சுமார் 300 நானோமீட்டர் இடைவெளியுள்ள கீற்றணியை வரைய மேம்பட்ட வசதியும் வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

எண்களை முதலில் தாளில் போடுதல்

ஹீலியம் நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் அலைநீளத்தில் தங்கத்தின் ஒப்பு விடுதிறனின் மெய்ப்பகுதி ஏறத்தாழ −11.7 ஆகும். காற்றோடு சேரும் பரப்பில் பிளாஸ்மானின் அலை வெக்டர், வெற்றிடத்தில் ஒளியின் அலை வெக்டரைப் போல 1.046 மடங்கு என்று இதிலிருந்து கிடைக்கிறது. இது ஒன்றைவிடப் பெரியது என்பதால், காற்றிலிருந்து நேராக வரும் ஒளி எந்தக் கோணத்தில் விழுந்தாலும் பிளாஸ்மானைத் தூண்டாது. குறையும் பங்கைக் கீற்றணி தர வேண்டும். 740 நானோமீட்டர் இடைவெளியுள்ள கீற்றணி தரும் பங்கு 632.8-ஐ 740-ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.855. எனவே படுகோணத்தின் சைன் மதிப்பு 1.046-இலிருந்து 0.855-ஐக் கழிக்க வரும் 0.19 ஆக இருக்க வேண்டும். கோணம் ஏறத்தாழ 11 டிகிரி. இரண்டாம் வரிசை விளிம்பு விளைவின் வழியே, எதிர்த்திசையில் ஓடும் பிளாஸ்மானைத் தூண்டும் இன்னொரு தாழ்வு 42 டிகிரிக்கு அருகில் தோன்றும். கோபால்ட் சேர்ந்ததும் இக்கோணங்கள் சற்று விலகும். ஆனால் தேடத் தொடங்க வேண்டிய இடம் இவையே.

அடுத்ததாக ஆழக் கணக்கு. இதே அலைநீளத்தில் பிளாஸ்மானின் புலம் காற்றுக்குள் ஏறத்தாழ 330 நானோமீட்டர் வரை பரவியிருக்க, தங்கத்துக்குள் 28 நானோமீட்டர் ஆழத்திலேயே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடுகிறது. கோபால்ட் அடுக்கை மேற்பரப்பிலிருந்து 10 நானோமீட்டர் கீழே வைத்தால், அங்குள்ள புலச் செறிவு பரப்பில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. 15 நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே மேல்மூடி மெல்லியதாக இருக்க வேண்டும். ஆனால் தங்கம் சில நானோமீட்டர் தடிமனில் தொடர்ச்சியான படலமாக அமையாமல் தீவு தீவாகவே படியும். நம் ஊர்க் கடற்காற்றில் அந்த இடைவெளிகளின் வழியே கோபால்ட் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். 10 முதல் 12 நானோமீட்டர் மேல்மூடி இந்த இரண்டு தேவைகளுக்கும் இடைப்பட்ட சமரசமாகும். கோபால்ட்டின் தடிமனைக் கூட்டினால் நகர்வும் கூடும், அகலமும் கூடும். 5 முதல் 8 நானோமீட்டருக்குள் நிறுத்துவது நல்லது. அடியில் 60 நானோமீட்டர் தங்கம், அதன் மேல் 8 நானோமீட்டர் கோபால்ட், மேலே 12 நானோமீட்டர் தங்கம் என்பதைத் தொடக்க வடிவமாக வைத்துக்கொள்ளலாம். மொத்தத் தடிமன் 80 நானோமீட்டர் ஆவதால் அடியிலுள்ள பிளாஸ்டிக்கை ஒளி எட்டுவதில்லை. அதன் இரட்டை ஒளிவிலகல் நம்மைத் தொந்தரவு செய்யாது.

கீற்றணி இல்லாமலே செய்ய விரும்புவோர் முப்பட்டக முறையைக் கையாளலாம். கிரெட்ச்மன் 1968-இல் முன்வைத்த அமைப்பு அது. 1.515 ஒளிவிலகல் எண் உள்ள கண்ணாடி முப்பட்டகத்தின் அடிப்பக்கத்தில் 50 நானோமீட்டர் தங்கம் படிந்திருந்தால், 43.6 டிகிரிக்கு அருகில் தாழ்வு கிடைக்கும். அந்த முறையில் மொத்த உலோகத் தடிமனைச் சில நானோமீட்டர் துல்லியத்தில் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே சிரமம். மற்றபடி வளைவரை தூய்மையாக வரும்.

கணிப்பொறியில் முன்கூட்டிச் சரிபார்க்க, அடுக்குப் படலங்களுக்கு நான்குக்கு நான்கு அணி முறை போதும். பைத்தானில் ஒரு மாலை வேலை. கீற்றணிக்கு மீப் என்னும் இலவச மென்பொருள் உதவும். காந்தமாக்கத்தால் விடுதிறன் அணியில் தோன்றும் மூலைவிட்டமல்லாத உறுப்புகளை அது கையாளும். தங்கத்தின் ஒளியியல் மாறிலிகளுக்கு ஜான்சனும் கிறிஸ்டியும் 1972-இல் வெளியிட்ட அட்டவணையைப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் படியவைக்கும் படலம் அதைவிட மோசமாகத்தான் இருக்கும்; கணக்கில் வரும் தாழ்வைக் காட்டிலும் அளவையில் வரும் தாழ்வு அகலமாக இருந்தால் வியப்படைய வேண்டாம்.

வட்டைப் பிளத்தல்

திரைப்படம் பதிந்து அச்சிடப்பட்டு வரும் டிவிடி இதற்கு உதவாது; அதில் தொடர் வரிப்பள்ளம் இல்லை, துண்டு துண்டான குழிகளே உள்ளன. பதிவு செய்யும் வகை வட்டுதான் வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதன் அடிப்பக்கம் ஊதா கலந்து தெரியும். அச்சிட்ட வட்டு வெள்ளி நிறத்தில் இருக்கும். கணினிக் கடைகளில் இப்போது இவ்வகை வட்டுகளை வரவழைப்பது குறைந்துவிட்டாலும், புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய மின்னணுச் சாமான்களோடு தேடிப் பார்க்கலாம். எழுதப்படாத வட்டே சிறந்தது. சிடியின் வரி இடைவெளி 1600 நானோமீட்டர் என்பதால் அதில் விளிம்பு விளைவு வரிசைகள் பல தோன்றி ஒளியைப் பங்கு போட்டுக்கொள்ளும். புளூரே வட்டின் இடைவெளி 320 நானோமீட்டர் என்பதால் சிவப்பு லேசருக்கு எளிதில் பொருந்தாது.

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் வட்டுகளை ஒட்டியது. முதலில் கத்தரிக்கோலால் ஒரு துண்டாக வெட்டிக்கொண்டு, வெட்டிய விளிம்பில் மெல்லிய பிளேடை இரண்டு பாதிகளுக்கும் நடுவே செருகி மெதுவாகத் திருகினால், அவை சிறு முறுமுறுப்போடு பிரியும். எதிரொளிக்கும் உலோகப் பூச்சு ஒரு பாதியோடு போய்விடும். மற்றப் பாதியில் ஊதா நிறச் சாயம் ஒட்டியிருக்கும். சாயமுள்ள பாதியே நமக்கு வேண்டியது. அதை எத்தில் ஆல்கஹாலில் நனைத்து மெல்ல அசைத்தால் சாயம் கரைந்து இறங்கி, தூய நிறமற்ற தகட்டில் வானவில் நிறங்கள் பளிச்சிடும். துணியாலோ பஞ்சாலோ தேய்க்கக் கூடாது, வரிப்பள்ளங்கள் கீறலாகிவிடும். அசிட்டோனைக் கிட்டவே கொண்டுவர வேண்டாம், அது பாலிகார்பனேட்டை வெளுத்துக் கெடுத்துவிடும். இறுதியில் காய்ச்சி வடித்த நீரில் அலசி, தூசியற்ற காற்றில் உலர்த்த வேண்டும்.

துண்டை வட்டின் வெளிவிளிம்புப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. வரிகள் வட்டப் பாதையில் ஓடுகின்றன, மையத்திலிருந்து 5.5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அவை ஏறத்தாழ 10 டிகிரி திரும்புகின்றன. லேசர் புள்ளி 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அந்தத் திருப்பம் 2 டிகிரியாக அடங்கிவிடும். மையத்துக்கு அருகே வளைவு இன்னும் கூடும்.

உலோகம் படியவைத்தல்

நம் கல்லூரிகளில் ஓரளவு காணக்கூடிய கருவி வெப்ப ஆவியாக்கக் கலம். அதில் தங்கத்தைப் படியவைப்பது எளிது. கோபால்ட்டும் நிக்கலும் உருகிய நிலையில் டங்ஸ்டன் படகோடு கலந்து அதை அரித்துவிடும். ஆகவே காந்த அடுக்குக்கு எலக்ட்ரான் கற்றை ஆவியாக்கமோ ஸ்பட்டரிங்கோ (அயனிகளால் இலக்குத் தகட்டை மோதி அணுக்களைச் சிதறவைத்துப் படியவைக்கும் முறை) தேவை. காந்தப்புலத்தைப் பயன்படுத்தும் மேக்னட்ரான் வகை ஸ்பட்டரிங்கில், கோபால்ட் இலக்குத் தகடு தடிமனாக இருந்தால் காந்தப்புலத்தைத் தன்னுள்ளேயே சுருக்கிக்கொண்டு பிளாஸ்மாவை எரியவிடாது. மெல்லிய இலக்கைக் கேட்டு வாங்க வேண்டும். காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் துறைகளை அணுகி, எந்தக் கருவி எப்போது வெளியாருக்குக் கிடைக்கும் என்பதை முன்னதாகக் கேட்டறிந்து திட்டமிடுவது நல்லது. மூன்று அடுக்குகளையும் வெற்றிடத்தைக் கலைக்காமல் ஒரே அமர்வில் படியவைக்க வேண்டும் என்பதை அங்குள்ள பொறுப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் கலத்தைத் திறந்தால் கோபால்ட்டின் முகத்தில் ஆக்சைடு ஏறிவிடும்.

பாலிகார்பனேட்டில் தங்கம் நன்றாக ஒட்டாது. 2 நானோமீட்டர் டைட்டானியமோ குரோமியமோ அடியில் இட்டால் ஒட்டும். பாலிகார்பனேட் 147 டிகிரி செல்சியசுக்கு அருகே இளகத் தொடங்குவதால், படிவு வேகத்தைக் குறைத்து இடையிடையே ஆறவிடவும். கூடவே ஒரு சாதாரண நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லையும் அதே கலத்தில் வைத்து, அதே அடுக்குகளைப் படியவையுங்கள். வரிப்பள்ளமற்ற அந்தச் சில்லு இல்லாமல் எத்தனை மடங்கு பெருக்கம் கிடைத்தது என்று சொல்லவே முடியாது. முடிந்ததும் இரண்டையும் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். செலவைக் குறைக்க அடித் தங்கத்துக்குப் பதில் வெள்ளியை இடலாம். வெள்ளியின் இழப்பு குறைவு என்பதால் தாழ்வும் கூர்மையாகும். வெட்டிய விளிம்புகளிலிருந்து அது கருக்கத் தொடங்கும் என்பதால், கடலோர ஊரில் அத்தகைய மாதிரியைத் தாமதிக்காமல் அளந்து முடிப்பது உத்தமம்.

காந்தமும் அளவை அமைப்பும்

கோபால்ட் படலத்தைப் பரப்புக்குச் செங்குத்தாகக் காந்தமாக்க ஏறத்தாழ 1.8 டெஸ்லா வேண்டும். பரப்புக்கு இணையாகக் காந்தமாக்கச் சில மில்லிடெஸ்லா முதல் சில பத்து மில்லிடெஸ்லா வரை போதும். குறுக்குவாட்டு அமைப்பைத் தேர்ந்ததன் இன்னொரு ஆதாயம் இது. அதோடு, நம் அமைப்பில் காந்தமாக்கம் வரிப்பள்ளங்களின் நீளவாக்கில் அமைய வேண்டும். வரிகளின் வடிவமும் காந்தமாக்கத்தை அந்தத் திசைக்கே ஈர்க்கிறது.

5 சென்டிமீட்டர் ஆரமும் தலா 300 சுற்றுகளும் கொண்ட இரண்டு கம்பிச்சுருள்களை, ஆரத்தின் அளவு இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தி, 2 ஆம்பியர் செலுத்தினால் நடுவில் ஏறத்தாழ 10.8 மில்லிடெஸ்லா கிடைக்கும். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரரிடம் 20 கேஜ் எனாமல் கம்பியில் இந்த அளவைச் சொன்னால், மரச்சட்டத்தில் சுற்றிக் கட்டித் தருவார். மோட்டார் காயில் போல ஓவல் வடிவில் அழுத்திவிடாமல் சரியான வட்டமாக வேண்டும் என்பதையும், இரண்டையும் ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். இரண்டையும் தொடராக இணைத்தால் மின்தடை 5 ஓம் அளவில் வரும். 8 ஓம் ஒலிபெருக்கியை இயக்கும் சாதாரண ஆடியோ ஆம்ப்ளிஃபயரே இதை ஓட்டிவிடும். புலம் போதவில்லை என்று தெரிந்தால், பழைய டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளை அடுக்கி இரும்பு நுகம் அமைத்துக்கொள்ளலாம். போதுமா என்று அறிய மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சைகையை வரையுங்கள். அது கூடுவது நின்று சமமானால் காந்தமாக்கம் தெவிட்டிவிட்டது என்று பொருள்.

புலத்தை 37 ஹெர்ட்சில் மாற்றுவது வசதியானது. மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்சையும் அதன் மடங்குகளையும் தவிர்க்க வேண்டும். 25 ஹெர்ட்சைத் தேர்ந்தால் அதன் இரட்டிப்பு நேராக 50-இல் போய் விழும். லேசர், தளவிளைவு ஆக்கி, கோணத் திருகுமேடையில் கம்பிச்சுருள்களுக்கு நடுவே மாதிரி, ஒளி டையோடு, லாக்-இன் பெருக்கி (குறித்த அதிர்வெண்ணில் வரும் சிறு சைகையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) என்பதே அமைப்பின் வரிசை. லாக்-இன் கருவி இல்லாதவர்கள் கணினியின் ஒலி அட்டையில் ஒரு தடத்தில் டையோடு சைகையையும் மறு தடத்தில் சுருளின் மின்னோட்டத்தையும் பதிந்து, பைத்தானில் பெருக்கிச் சராசரி எடுத்தால் அதே வேலை நடக்கும். சராசரி எதிரொளிப்பை மட்டும் மல்டிமீட்டரில் தனியே குறிக்க வேண்டும். ஒளியைக் குவிக்க வில்லை வைக்கும் ஆசையை அடக்குங்கள். 2 மில்லிமீட்டர் கற்றையை 10 சென்டிமீட்டர் வில்லையால் குவித்தால் படுகோணம் 1.1 டிகிரி பரவிவிடும். அரும்பாடுபட்டுக் கூர்மையாக்கிய தாழ்வு அதில் கரைந்துபோகும். எதிரொளித்த கற்றையைத் தவிர, படுகற்றையின் பக்கமாகவே ஏறத்தாழ 42 டிகிரியில் விளிம்பு விளைவுக் கற்றை ஒன்றும் திரும்பி வரும். அதைக் கறுப்புத் தாளால் மறைக்கவும்.

மேசை அதிர்வுக்குச் சமையல் மேடைக்குப் போடும் கடப்பா கல்லைப் பாதி காற்றடித்த ஸ்கூட்டர் டியூபின் மேல் வைத்தால் போதிய அளவு அடங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கட்டடமாக இருந்தால் இரவில் அளப்பதே நிம்மதி.

பொய்ச் சைகைகளைக் களைதல்

இந்த ஆய்வில் மாணவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே நிதானிக்க வேண்டும். முதலில் ஒளியை மறைத்து, சுருளை மட்டும் இயக்கிப் பாருங்கள். ஏதேனும் சைகை தெரிந்தால் அது கம்பிகளில் தூண்டப்பட்ட மின்னழுத்தம். டையோடு கம்பியை முறுக்கி, சுருளிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்ல வேண்டும். அடுத்து, காந்தப்புலம் மாதிரித் தாங்கியை இழுத்து அசைக்கக்கூடும். விசை புலத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால் அந்த அசைவு பெரும்பாலும் 74 ஹெர்ட்சில் தோன்றும். ஆனால் அருகில் நிலைக்காந்தமோ காந்தமேறிய இரும்புத் திருகோ இருந்தால் 37 ஹெர்ட்சிலேயே வந்துவிடும். தாங்கியைப் பித்தளையிலோ அலுமினியத்திலோ செய்தால் இது குறையும்.

இதற்கெல்லாம் மேலான சோதனை தளவிளைவை 90 டிகிரி திருப்புவது. மின்புலம் படுதளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்போது குறுக்குவாட்டுக் கெர் விளைவு சுழியாக வேண்டும், பிளாஸ்மானும் தூண்டப்படாது. அப்போதும் எஞ்சி நிற்கும் சைகை முழுவதும் பொய்யானது. மற்றொன்று, மாதிரியை எதிர்ப்பக்கம் திருப்பி −11 டிகிரியில் அளப்பது; உண்மையான சைகை அளவு மாறாமல் குறி மட்டும் மாறி வரும். செங்குத்துப் படுகையில் அது சுழியாகும். கோணத்துக்கு எதிராகச் சைகையை வரைந்தால், தாழ்வின் ஒரு பக்கம் நேர்க்குறியும் மறு பக்கம் எதிர்க்குறியுமாக, தாழ்வின் வகைக்கெழுவைப் போன்ற வடிவம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மேற்கொண்டு எந்தக் கணக்கும் போட வேண்டாம்.

எத்தனை மடங்கு என்று சொல்வது எப்படி

லாக்-இன் காட்டும் எண் அடிப்படை அதிர்வெண்ணின் சராசரி இருமடி மூல மதிப்பு. காந்தமாக்கம் சதுர அலையாகத் திரும்பினால் அதை 2.22-ஆல் பெருக்கினால்தான் இரு திசைகளுக்கும் இடையிலான முழு வேறுபாடு கிடைக்கும். சைன் அலையாக இருந்தால் 2.83-ஆல் பெருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சிலர் சராசரி எதிரொளிப்பால் வகுக்கிறார்கள், சிலர் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள். விடை இரண்டு மடங்கு மாறிவிடும். எந்த வரையறையைக் கையாண்டீர்கள் என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி வகுத்தலிலேயே இருக்கிறது. தாழ்வின் அடியில் எதிரொளிப்பு சுழியை நெருங்குவதால், வகுத்துக் கிடைக்கும் விகிதம் அங்கே வானளாவ உயரும். ஆனால் டையோடை அடையும் ஒளி ஏறத்தாழ ஒன்றுமில்லை. முன்பு எடுத்துக்கொண்ட லாரன்சு தாழ்வில், எதிரொளிப்பு மாற்றம் உச்சத்தில் இருப்பது மையத்திலிருந்து அரை அகலத்தின் 0.58 பங்கு தள்ளி; அங்கே எதிரொளிப்பு 25 சதவீதம். விகிதமோ மையத்தை நெருங்க நெருங்க எல்லையின்றி ஏறுகிறது. எந்தக் கோணத்தில் நின்று வேலை செய்வது என்பதை நம் இரைச்சலின் இயல்பே முடிவு செய்யும். மலிவான டையோடு லேசரின் செறிவுத் தள்ளாட்டம் முதன்மையான இரைச்சல் என்றால், அது எதிரொளிப்போடு சேர்ந்தே குறையும்; ஆகவே அடியை நோக்கி இறங்குவது பயன் தரும். ஒளி டையோடு சுற்றின் சொந்த இரைச்சல் முதன்மையானது என்றால் அது குறையாது. 25 சதவீதத் தோளிலேயே நிற்க வேண்டும். ஒளியை மறைத்து ஒருமுறையும், காந்தத்தை நிறுத்தி முழு ஒளியில் ஒருமுறையும் இரைச்சலை அளந்தால் எது முதன்மை என்று தெரிந்துவிடும். எதிரொளிப்பு, அதன் மாற்றம், விகிதம் ஆகிய மூன்றையும் ஒரே கோண அச்சில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து வெளியிடுங்கள். விகிதத்தை மட்டும் காட்டி நூறு மடங்கு என்று எழுதும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

இதுவரை செய்து முடித்தவர்கள், ஒளித் தனிப்படுத்தியை நோக்கி ஃபாரடே சுழற்சியைப் பெருக்க விரும்பினால் கார்னெட்டுக்குச் செல்லலாம். உலோகக் கரிமக் கரைசலைச் சுழற்றிப் பூசி, 700 டிகிரி செல்சியசுக்கு அருகில் சுட்டுப் பிஸ்மத் கலந்த இரும்பு கார்னெட் படலம் ஆக்குவது ஒரு வழி. தங்கக் கீற்றணியை வரைவதற்கு, சென்னை ஐஐடி, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் முதலியவற்றின் நானோ வசதிகளை வெளிக் கல்லூரியினரும் பயன்படுத்த இடமளிக்கும் இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். கார்னெட் மின்கடத்தாப் பொருள் என்பதால், எலக்ட்ரான் கற்றையால் வரையும்போது மின்னூட்டம் தேங்கி வரிகள் வளையும். மேலே மெல்லிய கடத்தும் பூச்சு வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். 800 நானோமீட்டர் ஒளி செங்குத்தாக விழும்போது, தங்கத்துக்கும் கார்னெட்டுக்கும் இடைப்பட்ட பிளாஸ்மானைத் தூண்ட ஏறத்தாழ 308 நானோமீட்டர் இடைவெளி வேண்டும். அதையே நடுவாக வைத்து, 10 நானோமீட்டர் படிகளில் சில கீற்றணிகளை ஒரே தகட்டில் வரையச் சொல்லுங்கள். படலத்தின் ஒளிவிலகல் எண் சுடும் பதத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், அவற்றுள் ஏதோ ஒன்றுதான் உங்கள் லேசரோடு பொருந்தும்.